பெண் பார்க்க வந்த அன்று பறந்துபோன சுருள்வில்

வாட்ச் செய்கிறேன் என்று நான் சொன்னால் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "பேட்டரி மாத்துவீங்களா?"

மாற்ற மாட்டேன். நான் செய்வது சாவி கொடுத்தால் ஓடும் கைக்கடிகாரம். ஒரு நாள் முழுக்க ஓடினாலும் கண் இமைக்கும் நேரத்துக்கு மேல் பிசகாது. வருஷத்துக்கு இரண்டு மூன்று செய்தால் அதிகம். (செல்போன் இதைவிடச் சரியாக மணி காட்டுமே என்பீர்கள். காட்டும். என் அண்ணனும் அதைத்தான் சொல்லுவார்.)

இந்த வேலைக்குத் தூசி ஆகாது, காற்று ஆகாது, பக்கத்தில் ஆள் ஆகாது. வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் தொழில் கற்றுக்கொண்டு வந்து, புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சித்திரை வெயிலிலும் ஃபேன் போடாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் சாயங்காலம் கடையில் "பால் பாக்கெட்" என்று கேட்கும்போது குரல் கரகரக்கும். அன்று முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். இப்படியே போனால் ஒருநாள் பேச்சே மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதனால்தான் அண்ணன் ஒரு வரனோடு வந்தபோது, அதுவரை இல்லாத அதிசயமாகத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை பெயர் செந்தில். ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். போனில் ஒரு முறை பேசினோம். அவர் பக்கம் இயந்திரம் இரைய, அவர் கத்த, நான் முனக, பாதி நேரம் "என்னங்க?" என்பதிலேயே போய்விட்டது. ஆனாலும் பேசி முடித்த பிறகு போனைக் கீழே வைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

திருவரங்குளத்தில் அண்ணன் வீட்டில்தான் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை புடவையெல்லாம் கட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் போகும் முன் ஒரே ஒரு நிமிஷம் என்று வேலை மேஜையில் உட்கார்ந்தேன். கடிகாரத்தின் உயிர் ஒரு சுருள்வில்லில் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லியது, மூச்சுப் பட்டாலே நடுங்கும். அதன் நுனியைச் சரியாக வளைத்தால்தான் நேரம் தவறாது. திருச்சி டாக்டர் ஒருவர் கேட்டிருந்த வாட்சுக்காக அந்த நுனியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று அது வளைந்து கொடுத்துவிட்டது! சந்தோஷத்தில் அதை மேஜையிலேயே ஒரு கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டு எழுந்தேன். போன் அடித்தது.

"தனம், கெளம்பிறாத. அவங்க டவுனுக்கே வந்துட்டாங்களாம். பொண்ணு வேல பாக்குற எடத்தயே பாத்துருவோம்ங்கிறாங்க. நாங்களும் அங்கிட்டே வாரோம்" என்றார் அண்ணன்.

என்னிடம் இருந்தது ஒரே நாற்காலி. டம்ளரும் ஒன்றுதான் என்பதை அன்றுதான் கவனித்தேன். நல்லவேளை, அண்ணி முன்னாலேயே வந்து, கேசரியும் காகிதக் கப்பும் கொண்டுவந்ததோடு, என் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்து, தோளில் வழிய விட்டார்.

செந்திலும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள், கூடவே அண்ணனும். வந்ததுமே அறை வெக்கையில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. அப்பா துண்டால் விசிறிக்கொண்டார். அம்மா நேராக மேஜைக்குப் போய், "இது என்னம்மா, பூச்சியா?" என்று கண்ணாடி மூடியைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள், "என்ன வெக்க, இப்புடி வேகுது!" என்று அப்பா ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

சுருள்வில் எழும்பியதைப் பார்த்தேன். இறங்கியதைப் பார்க்கவில்லை.

"யாரும் அசையாதீங்க!"

வருஷக்கணக்காகப் பேசாமல் சேர்த்துவைத்த குரல் மொத்தமும் அந்த இரண்டு வார்த்தையில் வந்துவிட்டது. அறை அப்படியே நின்றது. அண்ணன் வாயில் வைத்த கேசரியை விழுங்கவில்லை. நான் பாய்ந்து ஃபேனை நிறுத்தி, பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டு (மணப்பெண் அலங்காரத்தில் அது எப்படி இருந்திருக்கும்!) தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா காலடிக்கு வந்தேன். அவர் நெகிழ்ந்துபோய் என் தலையில் கை வைத்து, "நல்லா இருத்தா" என்று வாழ்த்தினார்.

"அந்தக் காலத் தூக்குங்க" என்றேன்.

"ஆத்தா?"

"பாதத்துல ஒட்டியிருக்கான்னு பாக்கணும். தூக்குங்க."

தூக்கினார். இல்லை. இன்னொரு காலையும் தூக்கச் சொன்னேன். "எனக்குச் சுகருத்தா, பாத்ரூமுக்குப் போகணும்" என்றார் பரிதாபமாக. "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்து அம்மா. அவர் கொண்டையைச் சுற்றி அடர்த்தியாகப் பூ வைத்திருந்தார். அதற்குள் ஏதோ மினுங்கியது போலிருந்தது. யோசிக்கவேயில்லை. கையை நீட்டி, புருஷனும் மகனும் பார்க்க, ஒரு சுமங்கலியின் தலையிலிருந்து மொத்தப் பூவையும் உருவி எடுத்துவிட்டேன்.

மினுங்கியது கொண்டை ஊசி.

கையில் பூவோடு நின்றபோதுதான் என்ன செய்தேன் என்பது புரிந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா கத்தவில்லை. "எந்திரிங்க, போவோம்" என்று, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அப்பா பாத்ரூமை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

செந்தில் மட்டும் சுவரோரம் அப்படியே நின்றிருந்தார்.

"நான் அசையலாமாங்க?"

"போங்க" என்றேன்.

அண்ணன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "அந்தக் கம்பியவே கட்டிக்க" என்பதுதான் அதில் மரியாதையானது. எல்லோரும் போன பிறகு தலைப்பூவைக் கழற்றினேன். சரத்தின் நுனியில், ஒரு மொட்டைச் சுற்றிக்கொண்டு, நெளிந்துபோய்க் கிடந்தது சுருள்வில். கேசரிப் பாத்திரத்தை அண்ணி மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு பேர் நின்ற அறை, ஒருத்திக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் போன் வந்தது.

"செந்தில் பேசுறேங்க. அது கெடைச்சிருச்சாங்க?"

"கெடைச்சிருச்சுங்க. என் தலப் பூவுலதான் இருந்துச்சு. நெளிஞ்சு போச்சு."

"அடடா. மறுபடி வளைக்க வருமா?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பேச ஆரம்பித்தேன். ஏன் வளைக்க வராது, புதிதாக எப்படி எடுக்க வேண்டும், எந்த இடத்தில் கை நடுங்கும் என்று பேசிக்கொண்டே போனேன். அவர் பக்கம் இரைச்சலே இல்லை. வெளியே வந்து நின்று கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில், "அம்மா மனசு மாறலங்க" என்றார்.

"தெரியும்ங்க."

"சரிங்க. அப்ப வச்சிறட்டுமா?"

"வச்சிருங்க."

வேறொரு சுருள்வில்லை முதலிலிருந்து வளைத்தேன். டாக்டருக்கு வாட்ச் போய்ச் சேர்ந்தது. செந்திலுக்கு மணமேல்குடியில் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போதும் அண்ணன் வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போனால், பிள்ளைகள் "யாரும் அசையாதீங்க!" என்று கத்துகிறார்கள். அண்ணி அடுப்படியிலேயே சிலையாகிறார். அண்ணன் சோற்றுக் கையோடு ஒரு காலைத் தூக்கிக் காட்டுகிறார். யாராவது "நல்லா இருத்தா" என்கிறார்கள். வீட்டுக்குப் புதிதாக வரும் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் காபி குடிக்க முடியாது. நானும் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

அந்த போன் வந்ததை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கதையில் சேர்த்துவிடுவார்கள்.