முன்னாடி அள்ளும், பின்னாடி தோண்டும்

இனிமேல் எவனிடமும் கை கட்டி வேலை பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஸ்டோர் ரூம் வாசலில், முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டே முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அது வேறு விஷயம்.

எங்கள் பட்டறையில் மண் தோண்டும் மெஷினுக்குப் பக்கெட் செய்கிறார்கள். பக்கெட் என்றால் நாம் குளிக்கிற பக்கெட் இல்லை. அதில் ஒரு கல்யாணத்துக்கே சாம்பார் வைக்கலாம். அந்தப் பக்கெட்டுக்குப் பல் உண்டு, இரும்புப் பல். அதை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது என் உத்தியோகம். அப்பாதுரை என்று அப்பா அம்மா ஆசையாகப் பேர் வைத்த ஒருவன், எத்தனை வருஷம்தான் ஐயா அடுத்தவன் மெஷினுக்குப் பல் எண்ணுவது?

அது தொண்ணூற்றாறாம் வருஷம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கே பார்த்தாலும் பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் நட்டால் நகர். நகர் வந்தால் வீடு. வீடு வந்தால் குழி. ஒருநாள் பெருங்களத்தூரில் ரோட்டோரம் ஒரு மெஷின் குழி தோண்டுவதைப் பார்த்தேன். வர வேண்டிய பஸ் வந்து, போயும் விட்டது. நான் நகரவில்லை. மணிக்கணக்கில் வாடகையாம். அடுத்த வாடகைக்காரர் அப்போதே ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் நடக்கத் தோன்றியது. எங்கேயாவது என்ஜின் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கையோடு ஓடிப் போய்ப் பார்ப்பேன். மாவு மெஷினாக இருக்கும்.

ஊரில் விற்ற நிலத்தில் என் பங்குப் பணம் பேங்கில் இருந்தது. அதன்மேல் இரண்டு பேருக்குக் கண். எனக்கு மெஷின். என் மனைவி காந்திமதிக்கு வீடு. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்காரம்மா கங்கையம்மாள் குழாயைத் திறந்துவிடும் நேரத்தில்தான் எங்களுக்குத் தாகமே எடுக்க வேண்டும். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் காந்திமதி பேரில் ஒரு மனை இருந்தது. அதில் வேலிகாத்தான் முள்தான் குடியிருந்தது, வாடகை இல்லாமல்.

நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"காந்திமதி, நான் பேக்ஹோ லோடர் வாங்கப் போறேன்."

"எதுக்கு, இருமலுக்கா?"

"மெஷின்! மண் தோண்டுற மெஷின்."

"பொக்லைன்னு சொல்லுங்க."

"எல்லாரும் பண்ற தப்பே இதான். பொக்லைன் செயின்ல போகும், தோண்ட மட்டும் தோண்டும். இது டயர்ல போகும். முன்னாடி பெரிய பக்கெட், அள்ளிக் கொட்டும். பின்னாடி நீளமா ஒரு கை, தோண்டும். ஒரே மெஷின், ரெண்டு வேலை."

"ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யுமா?"

"அதெப்படி? டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட்டு உக்காரணும்."

"பரவால்லியே. ஒண்ணை முடிச்சிட்டுத்தான் இன்னொண்ணுக்குத் திரும்புது. நீங்களும் அப்படி இருந்திருந்தா இந்நேரம் மேனேஜர் ஆயிருப்பீங்க."

அடுத்து கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"சரி, வாங்குங்க," என்றாள்.

"என்னது?"

"வாங்குங்கன்னேன். ஆனா புஸ்தகத்துல படத்தைப் பாத்து வாங்கக் கூடாது. ஒரு புடவையவே பிரிச்சுக் காட்டச் சொல்லி, வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாத்துத்தான எடுக்கறோம்? இவ்ளோ பெரிய மெஷினு. வேலை செஞ்சு காட்டச் சொல்லுங்க."

"டெமோ கேக்கலாம். ஆனா அதை எங்க வச்சு காட்டுவாங்க?"

"ஏன், நம்ம மனை சும்மாதான கிடக்கு?"

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளாக என் பேச்சுக்கு அவள் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கை பரபரத்தது. செக் புஸ்தகத்தை எடுத்து, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அவளிடம் நீட்டினேன். "மாடல் முடிவானதும் ஒரு நிமிஷம் லேட்டாகக் கூடாது. நீயே தொகையை எழுதிக் குடுத்துடு," என்றேன். "நீங்க சொன்னா சரிங்க," என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். இதையும் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மெஷின் கம்பெனி விற்பனையாள் தனசிங். வேகாத வெயிலிலும் டை கட்டியிருப்பார். "சார், நம்மகிட்ட மூணு மாடல். சின்னதுலேர்ந்து ஆரம்பிப்போம்," என்று முதல் மெஷினை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைக்குக் கொண்டுவந்தார். காந்திமதி மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, தேங்காய் உடைத்தாள்.

"டெமோவுக்கா மேடம் பூஜை?"

"மண்ணைத் தொடற காரியம் தம்பி. எதுவா இருந்தாலும் கும்பிட்டுத் தொடணும்."

தனசிங் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் மரியாதையாக டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து மனைக்காரர் துளசிங்கம் மதில்மேல் ஏறி உட்கார்ந்தார். அந்த ஏரியாவே ஒரு காலத்தில் அவர்கள் வயல். இப்போது பிளாட் போட்டு விற்கிறார். "இன்னா சார், சர்க்கஸ் கூட்டினு வந்துட்ட?" என்றார்.

மெஷின் முள்ளை வாரியது. "வேரோட வருதான்னு பாக்கணும்," என்றாள் காந்திமதி. வேரோடு வந்தது. "ஒண்ணு வந்தா போதுமா? அது நோஞ்சான் வேரா இருக்கும். அந்தக் கோடியில இருக்கே, அது?" அதுவும் வந்தது. இப்படியே கோடிக்குக் கோடி சந்தேகப்பட்டாள். மதியத்துக்குள் மனை மொட்டை அடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் துளசிங்கத்தின் மதில் ஓரமாகத் தோண்டச் சொன்னாள். மெஷினால் முடியவில்லை.

"இது பின்னாடி கை நடுவுலயே நிக்கிற மாடல் மேடம். ஓரமா நேர் கோட்டுல தோண்டணும்னா கொஞ்சம் கஷ்டம்," என்றார் தனசிங்.

"அப்ப வேணாம் தம்பி. வேற காட்டுங்க."

நான் பூரித்துப் போனேன். என்ன கூர்மை! நான் மாசக்கணக்கில் படித்ததை இவள் ஒரு காலையில் பிடித்துவிட்டாளே!

இரண்டாவது மெஷினில் பின்பக்கம் குறுக்குச் சட்டம் உண்டு. கை அதில் இடமும் வலமும் நகரும், மதிலை ஒட்டியும் தோண்டும். அன்று காந்திமதி சுண்ணாம்புத் தூளோடு வந்தாள். மனை முழுக்கக் கோடு போட்டாள்.

"இது எதுக்கு?"

"நேரா தோண்டுதான்னு தெரிய வேணாமா?"

"அதுக்கு ஏன் கட்டம் கட்டமா போடற?"

"மூலையில திரும்புதான்னு தெரிய வேணாமா? நீங்கதான மெஷின் வாங்கப் போறீங்க, இதெல்லாம் நானா சொல்லித் தரணும்?"

வெட்கமாகப் போய்விட்டது. மெஷின் கோட்டின்மேலேயே போய், கட்டத்துக்குக் கட்டம் பள்ளம் எடுத்தது. கடைசிக் கட்டம் முடியும் சமயம் மழை பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றின. சுற்றச் சுற்ற இறங்கின. டிரைவர் பின்பக்கத்துக் கையை மண்ணில் ஊன்றி, உந்தி உந்தி ஒருவழியாக வெளியே வந்தார்.

"ஏரி மண்ணு சார், எருமையே மாட்டிக்கும்," என்றார் மதில்மேல் குடை பிடித்திருந்த துளசிங்கம். "நாலு சக்கரமும் இழுக்கற வண்டியா இருந்தா பேஜார் இல்ல."

"கேட்டீங்களா தம்பி? நாலு சக்கரமும் இழுக்கிறதைக் கொண்டாங்க," என்றாள் காந்திமதி.

தனசிங் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழையா வியர்வையா, தெரியவில்லை.

மூன்றாவது வந்தது. அடடா! நாலு சக்கரமும் இழுத்தது. கை ஓரத்துக்கு நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமா, உள்ளேயிருந்து இன்னொரு கை நீண்டு ஆழமாகவும் போனது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிரைவர் ஹாரன் அடித்து விரட்டினார்.

"ஆழம் பாக்கணும் தம்பி. இங்க வேணாம், அந்த வாயு மூலைக்குப் போய்த் தோண்டச் சொல்லுங்க."

"மெஷினுக்கு என்னடி வாஸ்து?" என்றேன்.

"நீங்க தொழில் ஆரம்பிக்கறீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர் என்னைத்தான் சொல்லும்."

வாயு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் குழி விழுந்தது. பிறகு ஈசானிய மூலையில் இன்னொன்று. "ஒரு இடத்துல தோண்டிட்டா ஆச்சா? எல்லா மண்ணும் ஒண்ணா?" என்றாள். பிறகு, "முன்பக்கத்தைப் பாக்கவே இல்லியே!" என்று எடுத்த மண்ணையெல்லாம் தாழ்வான பக்கம் கொட்டி, ரோடு மட்டத்துக்கு நிரவச் சொன்னாள்.

துளசிங்கம் மதிலைவிட்டு இறங்கி வந்தார். "தங்கச்சி, மூணுல ஒனக்கு எது புட்ச்சிகீது?"

"இதுதாண்ணா. ஓரமாவும் போவுது, ஆழமாவும் போவுது, சேத்துல மாட்டவும் இல்ல. கண்ணை மூடிக்கினு வாங்கலாம்."

அதுதான் என் முடிவும். மாடல் முடிவாகிவிட்டது! மெஷின் வந்த மறுநாளே முதலாளி முன்னால் கையைக் கட்டாமல் நின்று, வேலையை விடுகிறேன் என்று சொல்வதற்கு வசனம்கூடத் தயார். "நாளைக்கே தொகையை எழுதிக் குடுத்துடு காந்திமதி," என்றேன். "குடுத்தாச்சுங்க," என்றாள். என்ன வேகம் பாருங்கள்!

அடுத்த ஞாயிறு, "மனைக்கு வாங்க, எல்லாம் வந்துடும்," என்று முன்னால் போய்விட்டாள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மெஷினுக்குப் போட ரோஜா மாலையோடு போனேன்.

மனையில் செங்கல் லோடு நின்றது. ஜல்லி நின்றது. சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது. மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார். காந்திமதி பட்டுப் புடவையில் இருந்தாள்.

"என்னடி இது?"

"கடைக்கால் போடறோம். பள்ளமெல்லாம்தான் எடுத்தாச்சே. இது ஹால், இது சமையல் ரூம். அந்த மூலையில செப்டிக் டேங்க், இந்த மூலையில கிணறு. உறை இறக்க வேண்டியதுதான் பாக்கி. பூமி பூஜைகூட அன்னிக்கே முடிஞ்சிடுச்சு, மறந்துட்டீங்களா?"

"பணம்?"

"உங்க செக்குதான். நீயே எழுதிக் குடுத்துடுன்னீங்களே! செங்கலுக்கும் சிமெண்டுக்கும் எழுதிட்டேன்."

அடிப்பாவி! "நான் மெஷின் வாங்கறதுக்குக் குடுத்ததுடி அது! தனசிங்குக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மூணு மெஷினைக் கொண்டாந்து காட்டினாரே மனுஷன், நம்மளை போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாரு!"

"அவரே அதோ வராருங்க. கேளுங்க."

தனசிங் வந்தார், வாயெல்லாம் பல்லாக. பின்னாலேயே என் மெஷின் வந்தது. அதே மூன்றாவது மாடல். புத்தம் புதுசு. சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு துளசிங்கம் நின்றிருந்தார்.

"தங்கச்சி சொன்ன மாடலையே எட்த்துகினேன் சார்!" என்று மேலிருந்து கத்தினார். "பேஜாரே இல்லாத வண்டி!"

தனசிங் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேடத்துக்குத்தான் சார் தேங்க்ஸ் சொல்லணும். இந்த ஏரியாவுல இதான் எங்க முதல் சேல்."

ரோஜா மாலையோடு நான் நின்றேன். "மாசக்கணக்கா நான் அலைஞ்சு திரிஞ்சு செலக்ட் பண்ண மெஷின் காந்திமதி அது," என்றேன்.

அவள் என் கையிலிருந்து மாலையை வாங்கி, மேஸ்திரி வைத்திருந்த முதல் செங்கலுக்குப் போட்டாள். அப்புறம் என்னைக் கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தாள்.

"துளசிங்கம் அண்ணன் வண்டிக்கு சக்கரத்துல வைக்க எலுமிச்சம்பழம் மறந்துட்டாராம். ஓடிப் போய் நாலு வாங்கிட்டு வாங்க," என்றாள். "நீங்க செலக்ட் பண்ண வேணாம், கடைக்காரரையே எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."