வயிற்று வலிக்கு ஒரு திருத்தம்

விளாங்குடி, மதுரை.
7.8.1983

'அக்காவின் பதில்கள்' அக்கா அவர்களுக்கு, தங்கள் நெடுநாள் வாசகி வணங்கி எழுதிக்கொண்டது. தாங்களும் பத்திரிகை ஆபீசில் உள்ள அனைவரும் சுகமாக இருக்க மீனாட்சி துணை. இவ்விடம் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. சுகமில்லாததால்தான் கடிதமே எழுதுகிறேன்.

இது நான் தங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் கடிதம் பிறந்த ஊர் எழுமலையில் தாவணி போட்டிருந்த காலத்தில் எழுதியது. மாதாமாதம் தூரமாகும்போது அடிவயிற்று வலி தாங்கவில்லை, பள்ளிக்கூடம் போக முடியவில்லை, என்ன செய்ய என்று கேட்டிருந்தேன். 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்று போட்டு, 'கவலை வேண்டாம் தங்கையே, திருமணமானால் சரியாகிவிடும்' என்று பதில் தந்தீர்கள். அதை எங்க அய்யா நல்லகாமன் வாசித்துவிட்டார். "ஏ புள்ள, இங்க பாரு, யாரோ ஒரு பிள்ளைக்கு நம்ம பிள்ளை மாதிரியே வலியாம்ல" என்று எங்க ஆத்தாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார். தைக்குள்ள மாப்பிள்ளை பாத்துட்டாக. நான் போட்ட கார்டு எனக்கே தாலியாத் திரும்பி வந்துச்சு அக்கா.

மாப்பிள்ளை சிவனாண்டி தங்கமான மனுசன், அதுல குறை சொல்லமாட்டேன். லாரி டிரைவர். நாக்பூருக்கு லோடு ஏத்திட்டுப் போனா எப்ப வருவாருன்னு அந்த லாரிக்கே தெரியாது. எனக்கு வலிக்குதுன்னு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவாரு. வலி வந்த அன்னைக்கு மனுசன் இருக்கமாட்டாரு, பழம் வந்த அன்னைக்கு வலி இருக்காது. கல்யாணமாகியும் சரியாகலைன்னு ரெண்டாவது கடிதம் போட்டேன். 'ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்' என்றீர்கள். மருது பொறந்தான், இப்பப் பள்ளிக்கூடம் போறான், வலியும் அவனோட சேர்ந்து வளருது. முந்தி ஒருநாள் படுத்தா எந்திரிச்சுருவேன். இப்ப தூரத்துக்கு முன்னாலயே இடுப்பும் தொடையும் கழண்டு போறாப்புல ஆரம்பிச்சுருது. கட்டி கட்டியாப் போகுது, துணி மாத்தி மாளலை. போன மாசம் அடிபம்புல தண்ணி அடிக்கையில கண்ணு இருட்டி குடத்து மேலயே விழுந்தேன். குடம் நசுங்கிப்போச்சேன்னு தெருவே வந்து வருத்தப்பட்டுச்சு.

யார்ட்டச் சொல்ல? மருந்துக்கடையில ஆம்பளைக நிக்கிறாகளேன்னு வெறுமனே 'வயித்து வலி'ன்னேன். ஜீரண மருந்து குடுத்தாரு. பாட்டிலைக் காலி பண்ணுனேன், பசிதான் எடுத்துச்சு. நாத்தனார் சோணையம்மாள்ட்டச் சொன்னா, "பொம்பளையாப் பொறந்தா வலிக்கத்தான் செய்யும், நாங்கள்லாம் இதோடயே நாத்து நடலையா"ங்கிறாக. அந்த நாள்ல பின்கட்டுல ஒரு பாய், ஒரு தட்டு, நான். பேச்சுத்துணைக்கு உங்க பழைய புத்தகங்கதான், அதுல வர்ற திருத்தம்கூட விடாமப் படிச்சுக்கிட்டுக் கிடக்கேன். வலியைக்கூடத் தாங்கிருவேன் அக்கா. தனியாக் கிடக்கிறதுதான் தாங்கலை.

இதுல இன்னொரு கூத்து. நாத்தனார் மக ஜெயக்கொடி ஒம்பதாப்பு படிக்கா. அவளும் இப்ப என்னய மாதிரியே சுருண்டு படுக்கா. என் பெட்டியில கிடந்த உங்க முதல் பதிலை நாத்தனார் எடுத்துட்டுப்போயி, "அச்சுலயே போட்டுருக்கு"ன்னு அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுறாக. அது நோட்டுப் புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவுது.

ஆகவே தாங்கள் தயவுசெய்து தெரிவிக்க வேண்டியது: கல்யாணமும் ஆச்சு, பிள்ளையும் ஆச்சு, அடுத்து என்ன ஆனால் சரியாகும்? பேரன் எடுக்கணும்னா, மருதுக்கு இப்பத்தான் பல்லு விழுந்து முளைக்குது. தாங்கள் கண்ணு மங்காம, கை ஓயாம நூறு வருசம் பதில் சொல்லணும் என்று வேண்டிக்கொள்ளும்,

பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பி.கு.: இதை ஒட்டுறதுக்குள்ள மறுபடியும் விழுந்துட்டேன். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா அக்கா ரிக்‌ஷாவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. லேடி டாக்டர், "எப்பருந்து வலி?"ன்னாக. "தாவணி போட்டதுலருந்து"ன்னேன். "இம்புட்டு வருசமா என்ன செஞ்ச?"ன்னாக. "கல்யாணம் பண்ணுனேன், பிள்ளை பெத்தேன்"னேன். அவுக பேனாவைக் கீழ வச்சுட்டாக. கர்ப்பப்பையில கட்டியாம், வைத்தியம் இருக்காம், பயப்பட வேணாமாம். லேசான வலி நெறையப் பேருக்கு வரும், மாத்திரைக்கும் வெந்நீர் ஒத்தடத்துக்கும் அடங்கிரும்னாக. அடங்காமப் படுக்க வச்சாலோ, வரவரக் கூடுனாலோ, கட்டியாப் போனாலோ, மயக்கம் வந்தாலோ, சின்னப் பிள்ளையா இருந்தாலும் உடனே வரணும்னாக. அதனால மேலே கேட்ட எதுக்கும் பதில் வேணாம். ஜெயக்கொடியை நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா நாத்தனாருக்கு டாக்டரை விட உங்க அச்சு மேலதான் நம்பிக்கை. போன மாசம் வத்தக்குழம்புல புளி அளவு தப்பா வந்துருச்சுன்னு கட்டம் கட்டித் திருத்தம் போட்டீகள்ல, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போடுங்க: 'திருமணமானால் சரியாகிவிடும் என்று வெளியானது தவறு, வருந்துகிறோம்.' பெரிய எழுத்தாப் போடுங்க, நாத்தனார் கண்ணாடி போடமாட்டாக. இந்தத் தடவை பேரை மறைக்க வேணாம். பாத்துட்டு, 'எனக்கும் இப்படித்தான்'னு யாராச்சும் ஒருத்தி வந்து என் பாய்ல உக்காரட்டும். சுந்தரம்மாள், விளாங்குடி.