முப்பத்தாறு அடி ஹால்

உயிரே போனாலும் அந்தச் சின்ன அறையை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று லேசர் சார் அன்று காலை சபதம் எடுத்தார்.

கட்டடங்களை லேசர் ஸ்கேனரால் அளந்து படம் போட்டுக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஓய்வு கிடைத்தால் அதே கருவியைக் கண்ணாடிகளுக்கு முன்னால் வைத்து விளையாடுவார். பாவம், கருவிக்குக் கண்ணாடி தெரியாது. உள்ளே தெரிவதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிஜ அறை என்று நம்பி வரைந்து தள்ளிவிடும். இந்த மகத்தான கலைக்குத்தான் அந்த அறை. மனைவி கேட்டதோ தையல் மிஷின் போட. எட்டு வருஷமாக ஹால் மூலையில் தைக்கிறாள். போகிறவர் வருகிறவரெல்லாம் துணியை மிதிக்கிறார்கள். அதிகம் மிதிப்பவர் சார்தான்.

தன் பெரிய கண்ணாடிகளையெல்லாம் ஹால் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். ஸ்கேன் ஓடும்போது ஆள் இருந்தால் படத்தில் விழுந்துவிடும், அது தொழிலுக்கே அவமானம். ஹாலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போய் நின்றார். மத்தியானம் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து நீட்டினார்.

"பார்த்தியா? நம்ம ஹால் முப்பத்தாறு அடி! இடம் இல்லைன்னு மூக்கைச் சிந்தினியே?"

"பதினெட்டுதானேங்க இருந்துச்சு?"

"அது கண்ணுக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாதா?"

"என் தொழில் மேல சத்தியமா சொல்லாது."

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூலையில உட்கார்ந்து கொக்கி தைக்கறது யாருங்க?"

சார் குனிந்து பார்த்தார். மூலையில் ஒருத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஹாலில் இன்னொருத்தி; இரண்டும் மனைவிதான்.

"நீ... அங்கயா இருந்தே?"

"எட்டு வருஷமா அங்கதான் இருக்கேன். நீங்க கண்ணாடி நிறுத்தினதையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருக்கலாம்.

அவள் எழுந்து தையல் மிஷினை அறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள்.

"ஏய், எங்க தள்றே? அது என் ரூம்!"

"இந்த ஹால்லயும் நான் தைக்கறேன், அந்த ஹால்லயும் நான்தான் தைக்கறேன். உங்களைத்தான் படத்துல எங்கயும் காணோம். வீட்டுலயே இல்லாத மனுஷனுக்கு எதுக்குங்க ரூம்?"