காட்டுக்குள் கொண்டுபோன குத்துவிளக்கு

மங்கல விளக்கு ஏற்றாமல் தொடங்கும் எந்தக் காரியமும் உருப்படாது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். கலியாணம், அரங்கேற்றம், பரிசளிப்பு விழா, கடைத் திறப்பு என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் காய்ந்த புதர்க்காட்டில் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போவதற்கும் பொருந்தும் என்று நம்பிய ஒரே மனிதன், முழு லண்டனிலும், அநேகமாக நான்தான். (எங்கள் தலைவர் பரா அண்ணையும் நம்பினவர். இப்ப கேட்டால் இல்லை எண்டுவார்.)

வெம்பிளியில் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள். எங்கள் இளைஞர் மன்றம் சனிக்கிழமைகளில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடும். பெயர்தான் இளைஞர் மன்றம். கொமிட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் நீரிழிவு இருந்தது. நான் செயலாளர்.

ஒரு சனிக்கிழமை, சேறு காய்ந்த சப்பாத்தோடு ஜூடி என்றொரு இளம் பெண் மண்டபத்துக்கு வந்தார். லண்டனில் இருந்து கோச் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய ஒரு தேசியப் பூங்காவில் அவருக்கு வேலை. (பெயர் வேண்டாம். அங்கே என்னை இன்னும் ஞாபகம் வைத்திருக்கக்கூடும்.) இந்த நாட்டுத் தேசியப் பூங்காக்கள் எல்லோருக்கும் சொந்தம் என்றார். ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய நாய்களும்தானாம். வராதவர்களைத் தேடிப்போய் அழைத்து வருவதுதான் தன் வேலை என்றார்.

பிறகு அவர் செய்த காரியம் எங்களைத் திகைக்க வைத்தது. கொமிட்டியைத் தாண்டிப்போய்ப் பிள்ளைகளிடமே, "உங்களுக்கு அங்கே என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டார். எங்கள் மன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நாங்கள் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. அறிவிப்போம்.

முதல் கையைத் தூக்கியது என் மகள் கவி. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. "டென்ட்டில் படுக்கலாமா?"

படுக்கலாம் என்றார் ஜூடி. ஆனால் முதலில் ஒரு பகல் மட்டும் வந்து பாருங்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஓகஸ்டில் மூன்று இரவு முகாம். லண்டனில் இருந்து ஒரு குழுவைத்தான் கூட்டிப்போக முடியும். அது நீங்களாக இருக்கலாம்.

இதன் கனதியை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சிநேகிதி வீட்டில் ஒரு இரவு தங்குவது என்பதே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. கவி எத்தனையோ தடவை கேட்டு, எத்தனையோ தடவை அழுது ஓய்ந்தவள். அன்றைக்கு என் மனைவி சாந்தி ஜூடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை. முதல் நாள் ஒரு வில்லங்கமும் இல்லாமல் முடிஞ்சால் விடுவன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். சாந்தியின் வாயில் இருந்து அப்படி ஒரு வாக்கு வந்ததைக் கவி நம்பவே இல்லை. வீட்டுக்குப் போனதும் டென்ட்டுக்குள் போடக் காலுறை வாங்க வேண்டும் என்று தொடங்கிவிட்டாள்.

ஜூடி போட்டது ஒரே ஒரு நிபந்தனை. கோடை வறட்சியில் காடு காய்ந்து கிடக்கிறது, ஒரு தீக்குச்சிகூடக் கொண்டுவர வேண்டாம். நான் அதைக் கொமிட்டிக்கு மொழிபெயர்த்தேன்: "பார்பிகியூ போட ஏலாதாம்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில் பரா அண்ணை கேட்டார்: "அப்ப தொடக்க விழா எத்தினை மணிக்கு?"

"விழா இல்லை அண்ணை. நடக்கிறதாம்."

"நடக்கிறதுக்கு முதல்?"

"முதலும் நடக்கிறதுதானாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குகன், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எங்களை மதிச்சு, தேடி வந்து கூப்பிட்டிருக்கு. நாங்கள் சும்மா போய் மரத்தைப் பாத்திட்டு வாறதோ? ஒரு விளக்கு, ஒரு பொன்னாடை, ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான்." (பரா அண்ணையின்ரை ரெண்டு வார்த்தை முக்கால் மணித்தியாலம் போகும்.)

"நெருப்புக் கூடாது எண்டவ அண்ணை."

"நெருப்பு வேற, விளக்கு வேற. நெருப்பு சமைக்கிறதுக்கு. விளக்கு கலாசாரம்."

இந்த வாதத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. நான் பொறியியல் படித்தவன் என்பதை இந்த இடத்தில் வெட்கத்தோடு சொல்லி வைக்கிறேன்.

போகிற அன்று விடிய, குத்துவிளக்கைக் கழற்றிக் கிரிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கவி வந்து நின்றாள்.

"அப்பா, வட் இஸ் தட்?"

"கிரிக்கெட் சாமான்."

"சின்ஸ் வென் கிரிக்கெட்டுக்குச் சேவல்?" விளக்கின் உச்சியில் இருந்த பித்தளைச் சேவல் பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். "அப்பா, ப்ளீஸ். இதை ஒரு ஃபங்ஷன் ஆக்காதீங்கோ."

"நீர் போய்க் கோச்சில ஏறும்" என்றேன், ஒரு செயலாளருக்குரிய மிடுக்கோடு.

கோச் மோட்டர்வேயில் ஏற முன்னமே மட்டன் ரோல் முடிந்துவிட்டது. பூங்காவில் ஒரு கூழாங்கல் கார்ப்பார்க்கில் இறங்கினோம். சுற்றிவர முழங்காலளவு புதர்கள், அதற்கு அப்பால் மரங்கள், வீடோ கடையோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஜூடி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு வலையைக் கொடுத்து, ஓடையில் என்னென்ன நீந்துகிறது என்று பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கொமிட்டியின் மற்ற உறுப்பினர்கள் ரோல் சாப்பிட்ட களைப்பில் கோச்சுக்குள்ளேயே நித்திரை. நானும் பரா அண்ணையும் கார்ப்பார்க்குக்குப் பின்னால் வேலையைத் தொடங்கினோம். ஜூடி திரும்பி வரும்போது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்பது எங்கள் திட்டம்.

மடக்கு மேசை, வெள்ளை விரிப்பு, நிறைகுடம், அதன்மேல் வெம்பிளிக் கடையில் வாங்கிய வாடிய மாவிலையும் தேங்காயும். நடுவில் விளக்கு. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

காற்று மட்டும் சரியில்லை. பரா அண்ணை விரலை ஈரமாக்கி மேலே தூக்கிப் பார்த்தார். "ஒருக்காக் கொளுத்திப் பாரும் குகன். பிள்ளை வந்து நிக்கேக்கை நூரக்கூடாது."

அணையாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு திரியிலும் ஒரு கற்பூரத் துண்டை வைத்துக் கொளுத்தினேன். நல்ல பிரகாசம். பரா அண்ணை கைகூப்பினார். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு துண்டைத் தட்டிவிட்டது. அது மேசை விரிப்பில் விழுந்து, சற்று யோசித்து, பிறகு கீழே குதித்தது. கீழே இருந்த காய்ந்த புல், பிரதம விருந்தினரை வரவேற்பது போல அதை வரவேற்றது.

"குகன்! எரியுது!"

"தெரியுது அண்ணை!"

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஊத்தும்!"

"எதை?"

"நிறைகுடத்தை, விசரா!"

தேங்காயைத் தூக்கி எறிந்துவிட்டு நிறைகுடத்தை அப்படியே கவிழ்த்தேன். உஸ் என்றொரு சத்தம். கொஞ்சம் புகை. தரையில் தோசைக்கல் அளவில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான். நான் மிதி மிதி என்று மிதித்து, மாவிலையால் அந்த இடத்தை மூடினேன். இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

அப்போதுதான் சைரன் கேட்டது.

முதலில் தூரத்தில். பிறகு பக்கத்தில். பிறகு, கூழாங்கல் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஒரு முழு நீளச் சிவப்புத் தீயணைப்பு வண்டி எங்களை நோக்கியே வந்தது.

என் மூளை அன்று வேலை செய்த வேகத்தில் அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. மரத்தில் கமெரா வைத்திருக்கிறார்கள். இல்லை, சற்றலைட். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் பிரஜாவுரிமை விண்ணப்பம் கிடக்கிறது. பார்க்கிங் டிக்கெட் இருந்தாலே யோசிப்பார்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார், காட்டை எரித்தவனுக்கு என்ன செய்வார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாகக் கவியின் டென்ட். அது என் கண் முன்னாலேயே சுருட்டப்பட்டுப் பைக்குள் போய்விட்டது.

"அண்ணை, என்ன செய்வம்?" என்று திரும்பினேன். பரா அண்ணை இல்லை. அவர் கோச்சுக்குள் ஏறி, கடைசி ஆசனத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்து, ஜூடிக்கு வாங்கிய பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டுவிட்டார்.

தடயத்தை அழிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. விளக்கை ஊதி அணைத்து, மேசை விரிப்பால் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்துப் புதருக்குள் பாய்ந்தேன். தூரத்தில் இருந்து பார்க்க மஞ்சள் பூவோடு மென்மையாகத் தெரிந்த புதர். உள்ளே முழுக்க ஊசி. விளக்கின் எண்ணெய் சேர்ட்டுக்குள்ளால் இறங்கி வயிற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சேவலின் கொண்டை என் நாடியில் குத்தியது.

உயரமான ஒரு தீயணைப்பு வீரர் புதரை எட்டிப் பார்த்தார். "ஓல் ரைட், சேர்?"

"ஐ ஆம் த ஃபயர்" என்றேன்.

(நான்தான் மூட்டினேன் எண்டு சொல்ல வெளிக்கிட்டது. வந்தது அதுதான்.)

அதன் பிறகு மடை திறந்துவிட்டது. என் முழுப் பெயர், வீட்டு விலாசம், போஸ்ட்கோட், கற்பூரம் வாங்கிய கடை, எல்லாம் சொன்னேன். தலைவரும் உடந்தை, அவர் கோச்சில் கடைசி ஆசனத்தில் இருக்கிறார் என்றேன். பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவர்களுடைய முகாமை மட்டும் நிற்பாட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு முறை சேவலையும் பார்த்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டார்:

"சரி சேர். போனி எங்கே?"

அந்தப் பூங்காவில் போனி எனப்படும் குட்டைக் குதிரைகள் தம்பாட்டில் திரியும் என்று ஜூடி சொல்லியிருந்தார். அப்படியானால் நெருப்பு அணையவில்லை. புல்லுக்கு அடியால் ஊர்ந்து போய் ஒரு குதிரையைப் பிடித்துவிட்டது! பரா அண்ணை எரிந்திருந்தால்கூட ஏதாவது விளக்கம் சொல்லித் தப்பலாம். இங்கிலாந்தில் ஒரு குதிரையை எரித்தவனுக்கு மன்னிப்பு உண்டா?

"செத்துப்போச்சுதா?" என்று அழுகுரலில் கேட்டேன்.

"இல்லை என்றுதான் நம்புகிறோம்" என்றார் அவர்.

அந்த நேரம் மரங்களுக்கு இடையில் இருந்து ஒரு உருவம் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தது. இடுப்புவரை சேறு. "ஓவர் ஹியர்! திஸ் வே!" குரலை வைத்துத்தான் அது என் மகள் என்று கண்டுபிடித்தேன். அவளும் என்னைக் கண்டுவிட்டாள்.

"அப்பா? வை ஆர் யூ இன் த புஷ்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தீயணைப்பு வீரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள். நான் விளக்கோடு பின்னால் ஓடினேன்.

ஓடைக்கு அப்பால் ஒரு சேற்று நிலம். அதில் ஒரு மண்ணிறப் போனி வயிறுவரை புதைந்து, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. ஒரு மயிர்கூடக் கருகவில்லை. வலையோடு போன பிள்ளைகள்தான் அதை முதலில் கண்டிருக்கிறார்கள். ஜூடி உடனே தொலைபேசியில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு, குதிரை வெருண்டு இன்னும் புதையாமல் இருக்கப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளைகள், மரம் மாதிரி நின்றார்கள். கவியிடம் மட்டும், கரையில் குந்தியிருந்து அதோடு மெதுவாகப் பேசிக்கொண்டிரு என்று சொல்லியிருந்தார். அவள் போன வேகத்தில் மறுபடியும் குந்திக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"பயப்பிடாதை. வந்திட்டினம். இந்தா, வந்திட்டினம்."

வீட்டில் நாலு கேள்வி கேட்டால் நாலுக்கும் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

தீயணைப்பு வீரர்கள் பலகை போட்டுப் படுத்து, வயிற்றுக்குக் கீழால் அகலமான பட்டிகளை நுழைத்து இழுத்தார்கள். சேறு விடமாட்டேன் என்றது. பிறகு பெரிதாக ஒரு சத்தத்தோடு விட்டது. குதிரை கரையில் நின்று நடுங்கி, எல்லோர் மேலும் சேற்றை உதறியது. பிள்ளைகள் அப்போதுதான் கத்தினார்கள். காடே அதிர்ந்தது.

அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் உயரமான வீரர் ஜூடியின் காதில் என்னவோ சொன்னார். ஜூடி என்னைப் பார்த்தார். போய் மாவிலையை விலக்கிக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தடவினார். வீரர்கள் அதன்மேல் இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். கவி ஜூடியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். முள் குத்திய இடமெல்லாம் அதற்குப் பிறகுதான் வலித்தது.

"இந்தப் பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்குமா என்று பார்க்கத்தான் இன்றைக்குக் கூப்பிட்டேன்" என்றார் ஜூடி. "பார்த்துவிட்டேன். ஓகஸ்டில் வாருங்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கொமிட்டி வரவேண்டாம். இந்த விளக்கை வெம்பிளியிலேயே ஏற்றிவிட்டு வரலாம் அல்லவா? நானும் வருகிறேன்."

சொன்னபடி வந்தார். ஓகஸ்டில் ஒரு காலை, மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதல் திரியை அவரே ஏற்றினார். பொன்னாடை போர்த்தினோம். பரா அண்ணை ரெண்டு வார்த்தை பேசியதால் கோச் மிகவும் பிந்திப் புறப்பட்டது. மூன்று இரவு கழித்து வந்த கவி, அடுத்த கோடைகளில் மற்ற மன்றங்களின் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போகத் தொடங்கினாள். முதல் வேலையாக, "உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று அவர்களிடம் கேட்பாளாம்.

எனக்குக் கிடைத்தது வேறு. கவுன்சிலில் இருந்து கடிதம் வந்து நான் பதறினாலும் சரி, மிளகாய் பொரித்துப் புகை அலாரம் அடித்தாலும் சரி, சாந்தி அடுப்படியில் இருந்து திரும்பாமலே சொல்வாள்: "இஞ்சேருங்கோ, ஒண்டையும் ஒப்புக்கொள்ளாதேங்கோ. முதல்ல போனி எங்கை எண்டு கேளுங்கோ." இப்போது மருமகனும் சொல்கிறான். அவனுக்குத் தமிழில் தெரிந்த முதல் முழு வசனம் அது.

நடந்தது இதுதான். ஜூடி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டபோது நாங்கள் விளக்கைப் பையில் இருந்துகூட எடுத்திருக்கவில்லை. வண்டி வந்தது சேற்றில் புதைந்த குதிரைக்காக. என் நெருப்பை அந்தக் காட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் காணவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது.