எட்டாவது ரீல்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நிபுணர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இன்றைக்கு மனைவியை ஏமாற்றிவிடுவது. கல்யாணமான பதினாறு வருடங்களில் இதற்கு முன்னால் ஒன்பது தடவை இதே முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த ஒன்பது தடவையும் என்ன ஆயிற்று என்பது நமக்கு வேண்டாம். அவரே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நிபுணர் என்பது தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர். பிழைப்புக்கு அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறார். மனசு மட்டும் மீன்பிடி ரீலில். அதிலும் எல்லா ரீலும் அல்ல, பெய்ட்காஸ்டிங் ரீல். தூண்டில் கழியின் மேலே உட்கார்ந்திருக்கும். வீசும்போது நூல் உருளையைக் கட்டைவிரலால் அடக்கி ஆளவேண்டும். விரல் கொஞ்சம் அசந்தால் போதும், உருளை நூலை முந்திக்கொண்டு சுற்றி, ஒரு குருவி குடித்தனம் நடத்தும் அளவுக்குச் சிக்கல் விழும். நிபுணர் வீசினால் விழுவது எப்போதும் குருவிக்கூடுதான். அதனால் அவர் வீசுவதை விட்டுவிட்டார். சுற்றிப் பார்ப்பதோடு சரி.

ஆனால் சுற்றிப் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைக்குள் நுழைந்தால் ரீலை இடது உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். கைப்பிடியை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மெதுவாக ஒரு சுற்று. காதோடு வைத்துக் கண்ணை மூடி இன்னொரு சுற்று. உள்ளே பல்சக்கரங்கள் பேசிக்கொள்வது தனக்குக் கேட்கும் என்பார். கடைசியில் உருளையைத் தட்டிவிட்டு, அது நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வெண்ணெய்தான். ஆனா கல்லு விழுந்த வெண்ணெய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாங்காமல் வெளியே வருவார். அடுத்து வருகிறவரிடம் கடைக்காரர் அதையே தன் சொந்தக் கருத்தாகச் சொல்வார்.

அப்படியும் வீட்டில் ஏழு ரீல் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. வெவ்வேறு வருடத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள் மாதிரி. ஒருத்தன் திருகாணியைக் கழற்றி இன்னொருத்தனுக்குப் போடலாம், அப்படிப் பொருந்தும். மூத்தவனுக்குப் பதினாலு வயது. சுற்றினால் கரகரவென்று தொண்டையைச் செருமுவான்.

ஏழும் இருப்பது மனைவியின் தையல் அறை அலமாரியில், மேல்தட்டில். அறை அவளுடையது, அலமாரியும் அவளுடையது. வீட்டிலேயே தையல் தொழில் நடத்துகிறவள். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடமாட்டாள். ஸ்பானரும் எண்ணெய்க்குப்பியும் எடுத்து அரைமணியில் தானே சரிசெய்துவிடுவாள். மேல்தட்டை விட்டுக்கொடுத்த அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஏழுதான் கணக்கு. எட்டாவது வந்தால் ஒன்று கீழே இறங்கி, எலாஸ்டிக் நூல் சுற்றிவைக்க அவள் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை எட்டாவது வந்தது.

பதினோரு மாதம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ரீல். நிபுணர் அதை மதியச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, மற்ற ஏழுக்கும் நடுவில் சத்தமில்லாமல் உட்காரவைத்தார். அதைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படி இரண்டு தடவைதான் நிறைந்திருக்கும்.

"என்னங்க, எட்டு இருக்கு."

"எங்க?"

"அலமாரில."

"நல்லா எண்ணினியா?"

"எட்டு வரைக்கும் எனக்கு எண்ண வரும்."

"பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கோம்ல. குட்டி போட்டிருக்கும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. குட்டியை நான் எடுத்துக்கறேன். பளபளன்னு இருக்கு, மேசைக்கு எடுப்பா இருக்கும்."



"ஏய், ஏய், அதுல கை வைக்காதே! இறங்கறதுன்னா மோசமானதுதான் இறங்கணும். அதான் நியாயம்."

"எது மோசம்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். ஊரே என்கிட்ட வந்து கேக்குது."

"நீங்க புதுசைப் பார்த்ததும் புதுசுதான் நல்லதும்பீங்க. கண்ணு ஆசைப்பட்டா காதும் சேர்ந்து ஆமாம் போடும்."

இந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"கண்ணைக் கட்டிட்டுக் கொடு! எட்டையும் சுத்திப் பார்த்து எது முதல், எது கடைசின்னு வரிசையாச் சொல்றேன். கடைசியா வர்றது உனக்கு. பேச்சு மாறமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா?" என்றாள் அவள், ஏதோ துணிக்கு அளவெடுக்க நாள் குறிப்பவள் போல. "மேல்வீட்டு அண்ணனையும் கூப்பிடுவோம். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்ல."

மேல்வீட்டு அண்ணன் என்பவர் பஸ் டிரைவர். அவரிடம் துருப்பிடித்த ரீல் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதன் பேரிங்கைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. வாராவாரம் மீனோடு வருவார். நிபுணருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவர வெளியே போனாள். நிபுணர் எட்டையும் மேசையில் கலைத்துப் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். முதல் தடவை, புது ரீல் என்று அவர் சத்தியம் பண்ணியது ஆறு வருடப் பழசு. இரண்டாம் தடவை ஒன்பது வருடப் பழசு. மூன்றாம் தடவை, புதுசைக் கையில் வைத்துக்கொண்டே "இது நாலாவது" என்றார். மூத்தவனின் செருமலைத் தவிர அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. பதினாலு வருடமாகச் சொன்ன தீர்ப்பெல்லாம் என்ன ஆவது? ரீலும் போய் மானமும் போகிற காரியம். மேல்வீட்டுக்காரர் அதை பஸ்ஸில் ஏற்றி ஊரெல்லாம் இறக்கிவிட்டு வருவார்.

பிறகுதான் அவர் கண் தையல் பெட்டியில் விழுந்தது. ஒரு சாண் சிவப்பு நூலை வெட்டினார். புது ரீலின் கைப்பிடித் தண்டில், குமிழுக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில், நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். விரல்நுனியால் தடவினால் தட்டுப்படும். நூல் தட்டுப்படுவது முதலிடம். செருமுவது கடைசி. நடுவில் வருவதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது அவர் எடுத்த முடிவுக்குப் பின்னால் இவ்வளவு தயாரிப்பு இருந்தது.

பத்து மணிக்கு டிரைவர் வந்தார். நோட்டும் பேனாவும் அவர் கையில்.

"என்னங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெருமுனைக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டு வந்துடுங்க. அண்ணன் வந்திருக்காருல்ல."

நிபுணர் சந்தோஷமாகவே போய்வந்தார். திரும்பி வந்தபோது எட்டு ரீலும் துணி போர்த்தப்பட்டு மேசைமேல் இருந்தன. பக்கத்தில், மூடாத மெஷின் எண்ணெய்க்குப்பி. நிபுணர் குப்பியைப் பார்த்தார். மனைவி அவசரமாக அதை எடுத்து முந்தானைக்குப் பின்னால் மறைத்தாள்.

அடேங்கப்பா, என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மூத்தவனுக்கு எண்ணெய் போட்டு என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா? இத்தனை வருடத்தில் அவள் திருட்டுத்தனம் ஒன்றை அவர் கையும் களவுமாகப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

கறுப்பு லைனிங் துணியை இரண்டாக மடித்து அவள் அவர் கண்ணைக் கட்டினாள்.

"கையில தூக்கக் கூடாது. எடை காட்டிக்கொடுத்துடும். மேசையில பிடிச்சுக்கறேன், நீங்க சுத்த மட்டும் சுத்துங்க."

"எப்படி வேணா வை."

முதல் ரீல். நிபுணரின் விரல் குமிழுக்கு அடியில் போனது. நூல் இல்லை. ஒரு சுற்று.

"சுமார். பாதிச் சுத்துல ஒரு தயக்கம்."

"தயக்கம்னே எழுதவா?" என்றார் டிரைவர்.

"எழுதுங்க."

இரண்டாவது. நூல் இல்லை. "பரவாயில்ல. கொஞ்சம் மூச்சு வாங்குது."

மூன்றாவது. விரல்நுனியில் நூல். நாலு சுற்று, ஒரு முடிச்சு. நிபுணர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. கைப்பிடியைச் சுற்றினார்.

கரகர.

கை நின்றது. மறுபடி மெதுவாகச் சுற்றினார். கரகர.

"என்ன நிபுணரே, முழிக்கறீங்க? கட்டுக்குள்ளயே தெரியுது."

நிபுணர் யோசித்தார். காது ஒன்று சொன்னது, விரல் ஒன்று சொன்னது. காதை நம்பி நேற்று மூன்று தடவை மண்ணைக் கவ்வியாகிவிட்டது. நூல் அவரே கட்டியது.

"டிரைவர் சார், எழுதிக்கோங்க. இது ராஜா! இப்போ ஒரு சத்தம் கேட்டுச்சே, அதைக் கரகரப்புன்னு பாமரன் சொல்வான். அது கரகரப்பு இல்ல. புதுப் பல்சக்கரம் ஒண்ணை ஒண்ணு அழுத்திப் பிடிக்குது. கல்யாணமான புதுசுல கையை அழுத்திப் பிடிச்சுக்கறோம்ல, அந்த மாதிரி."

"நீங்க அப்படிப் பிடிச்ச ஞாபகம் இல்லையே" என்றாள் மனைவி.

"குறுக்கே பேசாதே. நாலு மாசம் போனா இது தேனா ஓடும். இதைவிட நல்ல ரீலை நான் தொட்டதே இல்ல. முதலிடம்!"

"அடிக்கோடு போடவா?"

"ரெண்டு போடுங்க."

நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று வந்தன. ஒன்றுக்கு இருமல் என்றார், ஒன்றுக்குச் சோம்பல் என்றார். டிரைவரின் நோட்டு ஆஸ்பத்திரிக் குறிப்பு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் எதுவும் தொண்டையைச் செருமவில்லை. மூத்தவன் எங்கே? நிபுணர் காத்திருந்தார். மிச்சம் ஒன்றுதான்.

எட்டாவது வந்தது. நூல் இல்லை. சுற்றினார். சத்தமே இல்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிவது போல கைப்பிடி தானாகப் போனது. விரலை எடுத்த பிறகும் போய்க்கொண்டிருந்தது. நிபுணர் மெல்லக் குனிந்து முகர்ந்தார். மெஷின் எண்ணெய் வாசனை.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்தா பாரு, என்கிட்டயேவா? எழுதுங்க டிரைவர் சார். எட்டாம் நம்பர், கடைசி! படுகிழம். பல்லெல்லாம் தேஞ்சுபோய் வழவழன்னு ஆனாத்தான் இப்படி வழுக்கும். அதுக்கு மேல எண்ணெயைக் கொட்டி யாரோ மேக்கப் போட்டிருக்காங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். இதை எலாஸ்டிக் சுத்தத்தான் வச்சுக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள். "அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"ஒருதடவை சொன்னா சொன்னதுதான்."

"அண்ணே, எழுதிட்டீங்களா?"

"எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு தங்கச்சி."

அவள் கட்டை அவிழ்த்தாள்.

மூன்றாம் இடத்தில் மூத்தவன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் பதினாலு வருடக் கீறல். கைப்பிடி மட்டும் புத்தம் புதுசு, குமிழுக்கு அடியில் சிவப்பாக ஒரு நூல். மேசை ஓரத்தில், எட்டாம் இடத்தில், வெள்ளிக்கிழமை வந்த ரீல் பளபளவென்று இருந்தது. மூத்தவனின் தேய்ந்த கைப்பிடியை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெயோடு.

நிபுணர் மேசையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த ஸ்பானரைப் பார்த்தார், பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தார்.

"அந்தக் கைப்பிடி..." என்று ஆரம்பித்தார்.

"கைப்பிடிக்கு என்னங்க?"

"அது... அது வந்து..."

"சொல்லுங்க. அண்ணனும் கேக்கட்டும். கண்ணு கட்டியிருக்கும்போது கைப்பிடியில என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

டிரைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவலாகப் பார்த்தார். கைப்பிடி மாறியிருக்கிறது என்று சொன்னால் நூலைச் சொல்ல வேண்டும். நூலைச் சொன்னால் காதைச் சொல்ல வேண்டும். காதைச் சொன்னால் பதினாலு வருடத் தீர்ப்பும் போச்சு. நிபுணர் திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. கைப்பிடி நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"பெரிய மனசு நிபுணரே உங்களுக்கு" என்றார் டிரைவர். நோட்டை மூடினார். "பழசை ராஜாங்கறீங்க, புதுசைத் தூக்கிக் கொடுக்கறீங்க. எங்க வீட்டுல இந்த மாதிரி ரீல் விட்டா சோறு கிடைக்காது." படியேறிப் போகும்போது, முதல் மாடி வரை அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் புது ரீல் தையல் மேசையின் விளிம்பில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டுவிட்டது. மனைவி ஒரு கட்டு எலாஸ்டிக் நூலை அதில் சுற்ற ஆரம்பித்தாள். நூல் இடமும் வலமும் சீராக நடந்து, வரிசை வரிசையாகப் படிந்தது. ஒரு சிக்கல் இல்லை, கட்டைவிரல் அவ்வளவு லாகவமாக உருளையின்மேல் உட்கார்ந்திருந்தது. பதினோரு மாதம் ஏங்கிய ரீல் இப்படி ஓடும் என்று அவர் நினைத்ததுகூட இல்லை. பக்கத்து அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். சத்தமே இல்லை என்பதைக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அழுகை வரும்போல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் மூத்தவன். மற்ற ரீல்களோடு வைக்காமல் அவர் மடியில் பத்திரமாக வைத்தாள்.

"இந்தாங்க உங்க ராஜா. நாலு மாசத்துல தேனா ஓடுமாம்ல."

அவள் குனிந்து, சின்னக் கத்தரியால் குமிழுக்கு அடியில் இருந்த முடிச்சை வெட்டி, நூலை உருவிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த தடவை அடையாளம் வைக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. குமிழும் கறுப்பு, தண்டும் கறுப்பு, அதுல போய் யாராவது சிவப்பு நூல் கட்டுவாங்களா?"