எண்ணெய் படாத வடை

ஏர் ஃபிரையரின் கூடையை வெளியே இழுத்ததும் ஆறு மசால் வடைகளும் அதற்குள் லொடலொடவென்று உருண்டன. வடை உருளக் கூடாது என்பது சுந்தரவல்லிக்குத் தெரியும்.

"என்ன வல்லி சத்தம்? வாட்டர் ஃபில்டர் ரிப்பேரா?" என்று ஹாலிலிருந்து அச்சுதன் கேட்டார்.

"வடைங்க."

"ஓ" என்றார் அச்சுதன்.

மெஷின் முந்தின நாள்தான் வந்திருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரோஹிணி அனுப்பியது. அப்பாவின் ரத்தத்தில் கொழுப்பு இருநூற்று அறுபத்திரண்டு என்று தெரிந்த அன்றே ஆர்டர் போட்டுவிட்டாள். "எண்ணெய்ல பொரிச்சதை மூணு மாசத்துக்குக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாது, அப்புறம் மறுபடி டெஸ்ட்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வருடமாக கிண்டி ஆபீஸிலிருந்து மின்சார ரயிலைப் பிடித்து வந்ததும் வராததுமாக, சாயங்கால வடையின் முகத்தில் விழித்துப் பழகியவர் அச்சுதன். டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"அம்மா, இதுல ஒரு சொட்டு எண்ணெய் வேணாம். காத்துலயே வெந்துடும்" என்று வீடியோ காலில் ரோஹிணி சத்தியம் செய்திருந்தாள்.

அச்சுதன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். டிவியில் தலைப்புச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வானிலை அறிக்கை வரும்போதும் அவர் அதே துண்டைத்தான் மென்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் கெட்டி. கெட்டின்னா... நல்ல கெட்டி."

சொல்லிவிட்டு வலது தாடையைத் தடவிக்கொண்டார். சுந்தரவல்லி சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருடமாக விடுப்புக் கடிதங்களை வாங்குபவள். எது நிஜம், எது பொய் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். ஆனாலும் இந்த முறை நம்பவே ஆசைப்பட்டாள்.

மறுநாள் மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினாள். வடை கூடையின் ஓட்டை வழியாக அடித்தட்டில் இறங்கி, அங்கே அடையாக வெந்தது. அதற்கு மறுநாள், யூடியூப்பில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பி, தயிரும் சோடா மாவும் சேர்த்தாள். வடை பொங்கி எழுந்து மேலே இருந்த கம்பிச் சுருளைத் தொட்டது. புகை எழுந்தது. ஒரு நிமிடத்தில் எதிர் ஃபிளாட் யூனிஸ் கதவைத் தட்டினாள். அவள் கணக்கு டீச்சர். எதையும் விடை கிடைக்கும்வரை விடமாட்டாள்.

"அக்கா, ஏதோ எரியற வாசனை வருதே?"

"சாம்பிராணி போட்டேன் யூனிஸ்."

"சாம்பிராணியில வெங்காயம் போடுவீங்களா?"

சுந்தரவல்லி சிரித்துச் சமாளித்துக் கதவைச் சாத்தினாள். மணி ஆறு பத்து. அச்சுதனின் ரயில் தாம்பரம் வந்திருக்கும். இன்றைக்கும் அவர் முன்னால் கரியை வைத்தால் "நல்ல கரி" என்றுதான் சொல்வார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முடிச்சூர் ரோட்டுக்கு விட்டாள்.

மெட்டில்டா அக்காவின் தள்ளுவண்டியில் வடை எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது.

"மூணு மசால் வடை. எண்ணெயை நல்லா வடிச்சுக் குடுங்கக்கா."

"எண்ணெய வடிச்சா அப்பறம் அது வடையாம்மா? சுண்டலு" என்றாள் மெட்டில்டா.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வடையையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கைக்குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒற்றினாள். பிறகு ஏர் ஃபிரையருக்குள் வைத்து மூன்று நிமிடம் சுற்றவிட்டாள். அச்சுதன் செருப்பைக் கழற்றும்போது மெஷின் 'டிங்' என்றது.

"இன்னிக்கு வேற மாதிரி பண்ணியிருக்கேன். சாப்பிட்டுப் பாருங்க."

அச்சுதன் தட்டைப் பார்த்தார். தாடையைத் தொட்டுக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணு வல்லி. இதை டப்பாவுல போட்டுக் குடு. டாக்டர் எட்டு போட்டு நடக்கச் சொல்லியிருக்கார் இல்ல? நடந்துகிட்டே சாப்பிடறேன். உடம்புல ஒட்டாது."

அரை மணி நேரம் கீழே நடந்துவிட்டுக் காலி டப்பாவோடு வந்தார்.

"பிரமாதம்!"

"நிஜமாவா?"

"நிஜமா. நாளைக்கு அஞ்சா வையேன்."

இந்தத் தடவை அவர் முகத்தில் பொய் இல்லை. சுந்தரவல்லிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. அஞ்சு வடை, ஏழு வடையானது. இரண்டாவது வாரம் அச்சுதன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"வல்லி, இதுல மிளகாய் பஜ்ஜி வருமா?"

"பஜ்ஜியா? மாவு ஒழுகிடுமேங்க."

"உனக்கா வராது? கூடவே கொஞ்சம் காரச் சட்னியும் வச்சா நல்லா இருக்கும்."

மிளகாய் பஜ்ஜியும் வந்தது, காரச் சட்னியும் வந்தது. வெள்ளிக்கிழமை போண்டா வந்தது. "இன்னாம்மா, வூட்ல டெய்லி விசேஷமா?" என்று மெட்டில்டா கேட்டாள். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு சுந்தரவல்லி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

அச்சுதன் சும்மா இருந்திருக்கலாம். லிஃப்டில் யூனிஸைப் பார்த்து, "எங்க வீட்டுல எண்ணெயே இல்லாம பஜ்ஜி போடறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் யூனிஸ் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"செஞ்சு காட்டுங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் எண்ணெய் ஆகாது."

சுந்தரவல்லி நல்ல வேளையாக மெட்டில்டாவிடம் போய்விட்டு வந்திருந்தாள். வாங்கிய பஜ்ஜி இட்லிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது. யூனிஸ் பார்க்க வாழைக்காயைச் சீவி, மாவில் தோய்த்து, கூடையில் அடுக்கினாள். எட்டு நிமிடம் வைத்தாள். யூனிஸ் 'எட்டு நிமிடம்' என்று எழுதிக்கொண்டாள். ஆறாவது நிமிடம் மெஷினுக்குள்ளிருந்து மாவு சொட்டும் சத்தம் கேட்டது.

"யூனிஸ், பால்கனியிலேர்ந்து திருநீர்மலை தெரியுது பாரேன்."

"எங்க மொட்டை மாடியிலேர்ந்தே பார்த்திருக்கேனேக்கா."

"இல்ல, எங்க பால்கனியில வேற மாதிரி தெரியும். போய்ப் பாரு."

யூனிஸ் மரியாதை தெரிந்தவள். போய்ப் பார்த்தாள். அவள் திரும்புவதற்குள் கூடையில் இருந்தது பானைக்கும், பானையில் இருந்தது கூடைக்கும் இடம் மாறின. இரண்டு விரல் சுட்டுக்கொண்டதோடு போயிற்று.

யூனிஸ் ஒரு பஜ்ஜியைக் கடித்துக் கண்ணை மூடினாள்.

"எண்ணெயில போட்ட மாதிரியே இருக்குக்கா!"

அன்றைக்கே அவளும் ஒரு ஏர் ஃபிரையர் ஆர்டர் போட்டாள். நான்காம் நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்தன. 'அக்கா, ஒழுகுது.' 'அக்கா, ஐஸ் தண்ணி ஊத்திப் பார்த்தேன், இன்னும் அதிகமா ஒழுகுது.' 'அக்கா, எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம சாப்பிடறார், பார்க்கவே பாவமா இருக்கு. என் கைப்பக்குவம்தான் சரியில்லைபோல.'

கடைசிச் செய்தியைப் படித்துவிட்டு சுந்தரவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். காலண்டர் இருந்தது. மூன்று மாதம் முடியப் பத்து நாள்தான் பாக்கி. டாக்டர் கண்ணால்கூடப் பார்க்காதே என்று சொன்னதைத் தினம் ஏழு எட்டு என்று கட்டிய புருஷனுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கணக்குப் பார்த்தால் அறுநூறைத் தாண்டும். திடீரென்று விழித்துக்கொண்டவளாகப் பரிகாரம் தொடங்கினாள். காலையில் வெந்தயத் தண்ணீர். பதினோரு மணிக்கு ஆபீஸுக்குப் போன் போட்டு, "பூண்டு முழுங்கினீங்களா?" ராத்திரி ஓட்ஸ் கஞ்சி. வடையை நிறுத்திவிடலாம் என்றும் பார்த்தாள்.

"மாவு தீர்ந்துபோச்சுங்க, இன்னிக்கு வடை இல்ல."

அச்சுதன் பதறிவிட்டார். "ஐயையோ, அப்படியெல்லாம் திடீர்னு நிறுத்தாதே. எதிர்பார்ப்பு இருக்கு இல்ல?"

அவருடைய பதற்றத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டாள்.

டெஸ்ட் நாளும் வந்தது. தாம்பரத்தில் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் பதினான்கு. ரிப்போர்ட் நேராக டாக்டர் மேஜைக்குப் போய்விட்டது. சுந்தரவல்லி டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அச்சுதன் சட்டென்று நிமிர்ந்தார். "நானும்தான் வல்லி. ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"டோக்கன் பதினாலு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சுந்தரவல்லி முருகனைக் கூப்பிட்டாள்.

"நூத்தி எண்பத்தெட்டு" என்றார் டாக்டர். "என்ன சார் பண்ணுனீங்க?"

அச்சுதன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். "எல்லாம் இவங்க செய்யற வடைதான் டாக்டர்."

"அப்போ அதையே கண்டினியூ பண்ணுங்க. எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திடாதீங்க."

திரும்பும் வழி முழுவதும் சுந்தரவல்லி ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தாள். வெந்தயமா, பூண்டா? இல்லை, மெட்டில்டா அக்காவின் எண்ணெயில்தான் ஏதாவது மூலிகை இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் சரி, தாலி பிழைத்தது. கொலைகாரி இல்லை என்று ஆனபிறகு, சொல்லவந்ததையும் சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அச்சுதனும் அவர் சொல்லவந்ததைப் பற்றிப் பேசவில்லை. அதை அவள் கேட்கவும் மறந்துவிட்டாள்.

கேட் வந்ததும் அவளை இறக்கிவிட்டு, அச்சுதன் வண்டியை நிறுத்த பேஸ்மெண்டுக்குப் போனார். வாட்ச்மேன் வேதாசலம் நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து வந்தார். சட்டையின் நடுப்பட்டன் இரண்டும் போட முடியாமல் திறந்திருந்தன. கையில் ஒரு மருந்துச் சீட்டு.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க வேதாசலம். உடம்பு சரியில்லையா?"

வேதாசலம் பேஸ்மெண்ட் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரு ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, எனக்குக் கொழுப்பு முந்நூறு கீதுன்றாருக்கா... சாரு டெய்லி டப்பாவோட வந்து நீட்டறப்ப வேணாம்னு சொல்ல மனசு வர்ல, அதான், நாளைலேந்து அந்த வடையக் கொஞ்சம் எண்ணெ இல்லாம சுட்டு அனுப்பறீங்களா?"