பைலாவுக்கு எழும்பிய முழங்கால்

ஐம்பத்தாறு வயதில் நான் எடுத்த ஒரே வீரமான முடிவு, டட்லி செபஸ்தியானின் இசை நிகழ்ச்சிக்கு மனைவி கமலாட்சியிடம் சொல்லாமல் போவது.

நிகழ்ச்சி மாத்தளை டவுனில், திறந்த மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. டட்லிக்கு எழுபத்து மூன்று வயது. நான் இளந்தாரியாக இருந்தபோது அவர் பாட்டைக் கேட்டுத்தான் மீசை வளர்த்தேன். கூட்டாளிகள் சசிக்குமாரும் ஜமால்தீனும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

கமலாட்சியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முழங்கால் பேச்சு வரும். கண்டி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இனி ஆட்டம் கீட்டம் போட்டால் ஆப்பரேஷன்தான் என்றிருந்தார். அவர் சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது கமலாட்சி.

ஆகவே, பக்கத்து ஊர் நாலந்தாவில் ஒருவரிடம் நல்ல மிளகு இருக்கிறதாம், நம் கடைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். துணி மடித்துக்கொண்டே சரி என்றாள். ஒரு கேள்வி இல்லை. முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

டட்லி வெள்ளைக் கோட்டோடு மேடைக்கு வந்தார். தலைமுடி மட்டும் அவரைவிட நாற்பது வயது இளையது. முதல் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டேன். இரண்டாவதுக்குத் தோளை ஆட்டினேன். மூன்றாவது பைலா, கேட்டவரை உட்காரவிடாத துள்ளாட்டப் பாட்டு. இடுப்பைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்று எழும்பினேன்.

பாதிச் சுற்றில் முழங்கால் 'மளுக்' என்றது. மடங்கின கால் மடங்கினபடியே நின்றுவிட்டது. ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றேன். பக்கத்தில் ஆடிய இளவட்டங்கள் அது அந்தக் காலத்து ஸ்டெப் என்று நினைத்து, வரிசையாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கோ வியர்த்துக் கொட்டியது. ஆப்பரேஷன் மேசையும் ஊன்றுகோலும் கண்ணுக்குள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கமலாட்சியும் வந்தாள். கூட்டாளிகள் இருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு பின் கேட்டுக்கு வந்தார்கள். அங்கே எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டுகிற அஜந்தன் நின்றான்.

"ஏறுங்க அண்ணே. பைலா தொடங்கினதும் பின் கேட்டுல போய் நில்லு, அவர ரெண்டு பேர் தூக்கிட்டு வருவாங்கன்னு கமலாட்சி அக்கா சொன்னாங்க."

ஆட்டத்தில் தொடங்கியது ஓட்டோவில் முடிந்தது.

வீட்டில் கதவு திறந்திருந்தது. நாற்காலி, தலையணை, சுடுதண்ணீர், தைலம், எல்லாம் தயார். வழியெல்லாம் தயாரித்த பொய்களை மறந்துவிட்டேன். கமலாட்சி கீழே உட்கார்ந்து, தைலம் தடவி, காலை மெல்லப் பிடித்து இழுத்தாள். இன்னொரு 'மளுக்'. கால் நீண்டது. வலி போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். என்னைவிட அவள்தான் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"ஒரு கிழமையா குளிக்கிறப்பல்லாம் அந்த மனுஷன் பாட்டுத்தான். மிளகு பார்க்கப் போறவரு சென்ட் அடிச்சிக்கிட்டா போவாரு?"

"தெரிஞ்சா ஏன் தடுக்கல?"

"தடுத்திருந்தா பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவீங்க."

இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அவள் தலையாட்டிவிட்டு, மூன்று மணித்தியாலம் காலை அசைக்கக் கூடாது என்று முக்காலி மேல் தூக்கி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகுதான் கவனித்தேன், அவள் உடுத்தியிருந்தது கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவை. வாசலில் ஜமால்தீனின் மனைவி றமீஸா கைப்பையோடு நின்றாள். அஜந்தன் ஓட்டோவை இன்னும் அணைக்கவே இல்லை.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"இடைவேளைக்குப் பிறகுதான் டட்லி நல்ல பாட்டெல்லாம் படிப்பாராம். முன் வரிசையில ரெண்டு சீட் எடுத்து வச்சிருக்கோம்," என்றபடி கமலாட்சி செருப்பை மாட்டினாள். "துருவியை உங்க பக்கத்து மேசையில பூட்டியிருக்கேன். தேங்காய் துருவுறதுக்கு முழங்கால் தேவையில்ல."